பிள்ளைக்குப் பிடிக்காதது ஆங்கிலமா, ஆங்கில வகுப்பா?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. வீட்டில் தமிழ் பேசும் குடும்பம். மகள் ஆங்கில வழித் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். யூ.கே.ஜி. வரை ஆங்கிலப் பாட்டுகளை ஓயாமல் பாடிக்கொண்டிருந்தவள், இப்போது ‘எனக்கு இங்கிலீஷ் வேண்டாம்’ என்கிறாள். வகுப்பு ஆசிரியையோ, ‘வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லியிருக்கிறார். இந்த வயதுப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள், அவர்கள் சொல்வதை எந்த அளவுக்குப் பொருட்படுத்த வேண்டும், ஆசிரியை சொன்னபடி வீட்டு மொழியை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளில் பயிற்சி அளிக்கும் பணியில் பெங்களூரில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், அரசுப் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிக்கும் வாய்ப்பு எனக்குத் தொடர்ந்து கிடைத்தது. அந்த அனுபவத்தையும், இது குறித்து நடந்துள்ள சில நல்ல ஆய்வுகளையும் வைத்துப் பதில் சொல்கிறேன். உங்கள் மகள் சொல்வதை முழுமையாகப் பொருட்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அவள் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கொண்டு ‘இவளுக்கு ஆங்கிலம் வராது’ என்றோ, ‘மொழியில் இவளுக்கு ஆர்வம் இல்லை’ என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு மொழியைப் பற்றித் தனியாக அபிப்பிராயம் ஏதும் இருப்பதில்லை. அந்த மொழியின் பெயரால் ஒவ்வொரு நாளும் தனக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் அவளுக்கு அபிப்பிராயம் இருக்கிறது. அது பெரும்பாலும் துல்லியமாகவும் இருக்கிறது.

ஹங்கேரியில் மரியான் நிகோலோவ் என்னும் ஆய்வாளர், தாமே ஆங்கிலம் கற்பித்த பிள்ளைகளிடம் ‘நீ ஏன் ஆங்கிலம் படிக்கிறாய்?’ என்ற கேள்வியை 1977 முதல் 1995 வரை கேட்டு வந்தார். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலான மாணவர்கள் அவர்கள். சிறிய பிள்ளைகள் தந்த விடைகளில் வேலையோ எதிர்காலமோ இடம்பெறவில்லை. வகுப்பில் விளையாட்டு இருக்கிறது, கதை இருக்கிறது, ஆசிரியரைப் பிடிக்கும் என்பன போன்ற காரணங்களையே அவர்கள் சொன்னார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதை நெருங்கும்போதுதான் ‘பின்னால் பயன்படும்’ என்ற பேச்சு எழுந்தது. அதுவும் மங்கலாகவே இருந்தது. நம் வீடுகளில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘இங்கிலீஷ் படித்தால்தான் நல்ல வேலை கிடைக்கும்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல் அவளுடைய மனத்தில் ஊக்கமாகத் தங்குவதில்லை. பெரியவர்கள் எதற்கோ பயப்படுகிறார்கள் என்ற செய்தியாகத்தான் தங்குகிறது.

ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து கவனித்த ‘எல்லி’ என்ற ஆய்வு 2010இல் முடிந்தது. இங்கிலாந்து தவிர்த்த மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஆங்கிலமே அங்கே கற்ற அயல்மொழி. அந்த ஆய்வில் பிள்ளைகளிடம் கேட்ட கேள்விகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது: வெவ்வேறு விதமாக அமைந்த வகுப்பறைகளின் படங்களைக் காட்டி, ‘இவற்றில் எந்த வகுப்பில் இருந்தால் நீ நன்றாகக் கற்றுக்கொள்வாய்?’ என்று கேட்டார்கள். மொழியைப் பற்றிப் பிள்ளையிடம் நேராகக் கேட்பதைவிட, அந்த மொழி நடக்கும் இடத்தைக் காட்டிக் கேட்பது எவ்வளவோ மேல். பெரும்பாலான பிள்ளைகள் உற்சாகத்தோடு தொடங்குகிறார்கள் என்பதும், ஆண்டுகள் செல்லச்செல்ல அவர்களில் ஒரு பகுதியினரின் உற்சாகம் குறைந்துவிடுகிறது என்பதும் அந்த ஆய்விலிருந்து தெரிகின்றன. ஆகவே உங்கள் மகளிடம் நீங்கள் காணும் மாற்றம் அவளுக்கு மட்டும் நேர்ந்த ஒன்றில்லை.

உற்சாகம் ஏன் குறைகிறது என்பதற்கு இன்னும் பழைய ஆய்வு ஒன்று வெளிச்சம் தருகிறது. பிரிட்டனில் எட்டு வயதில் பிரெஞ்சு கற்கத் தொடங்கிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளை 1964 முதல் பத்தாண்டுகள் ஆராய்ந்த கிளேர் பர்ஸ்டாலின் குழு, தொடக்க நாட்களில் ‘என்னால் முடிகிறது’ என்று உணர்ந்த பிள்ளைகளிடம்தான் பின்னாளில் விருப்பம் வளர்ந்தது என்று கண்டது. விருப்பம் முதலில் வந்து, வெற்றி பிறகு வருகிறது என்றே நாம் எண்ணுகிறோம். சிறு பிள்ளைகளிடம் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. ‘ஆர்வத்தை உண்டாக்குங்கள்’ என்று ஆசிரியர்களுக்குச் சொல்வதைவிட, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வாரமும் ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைத் தானே முடித்துக் காட்ட வழி செய்யுங்கள் என்று சொல்வதே பயனுள்ளது என்று நான் கருதுவது இதனால்தான்.

இந்த ஐரோப்பிய ஆய்வுகளை அப்படியே பெங்களூருக்குப் பொருத்திவிட முடியாது. அங்குள்ள பிள்ளைக்கு அயல்மொழி ஒரு பாடம். வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே நடப்பது. அது புரியாவிட்டாலும் கணக்கு புரியும், அறிவியல் புரியும். உங்கள் மகளுக்கு அப்படியில்லை. கணக்கும் சூழ்நிலையியலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஆங்கிலம் புரியாத நாள் எதுவுமே புரியாத நாளாகிவிடுகிறது. கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ படித்துக்கொண்டு ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் கற்கும் பிள்ளைகளிடம் பேசினால் ‘ஸ்பெல்லிங் கஷ்டம்’ என்பார்கள். ஆங்கில வழிப் பிள்ளைகளிடம் பேசினால் ‘மிஸ் சொல்றது புரியல’ என்பார்கள். இந்த இரண்டு குறைகளும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கர்நாடகத்தில் இந்த வேறுபாடு எப்படி உருவானது என்பதைச் சற்றே சொல்ல வேண்டும். ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் கற்பிக்க வேண்டும் என்று மாநில அரசு 1994இல் ஆணையிட்டது. அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அது செல்லாது என்று 2008இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும், தாய்மொழி வழியை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2007-08இல் அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாக நுழைந்துவிட்டது. 2019-20இல் 1,000 அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கின.

2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஒரு செய்தி என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தொடக்கக் கல்வியை எந்த மொழியில் பெறுவது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பிள்ளைக்கு உரியது என்றும், பிள்ளையின் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ அதைப் பயன்படுத்தலாம் என்றும் நீதிமன்றம் கருதியது. சட்டத்தின் பார்வையில் உரிமை பிள்ளையினுடையது. நடைமுறையில் ஆறு வயதுப் பிள்ளையிடம் இதை யாரும் கேட்பதில்லை; கேட்டாலும் அவளால் விடை சொல்ல முடியாது என்பதும் உண்மை. ஆனால் பள்ளியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அவளுக்காக நாம் எடுத்த முடிவு அவளுக்கு எப்படி அமைந்திருக்கிறது என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை அப்போது நமக்கு வந்துவிடுகிறது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான்: தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம், அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரப்பட வேண்டும்.

இனி, பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் போன்ற பகுதிகளில் தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் நான் மீண்டும் மீண்டும் கேட்டவை இவை. முதல் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் பிடிக்கிறது, ஏனென்றால் அந்த வயதில் ஆங்கிலம் என்றால் பாட்டும் கைதட்டலும் படமும்தான். கர்நாடக அரசுப் பள்ளிகளில் ‘நலி கலி’ முறையில் நடக்கும் வகுப்புகளில், பிள்ளைகள் தரையில் குழுக்களாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துக்கொண்டு தங்கள் வேகத்திலேயே கற்பதால், இந்த மகிழ்ச்சி மேலும் சில காலம் நீடிப்பதைப் பார்த்திருக்கிறேன். தனியார் பள்ளிகளில் இரண்டாம் வகுப்பிலேயே, சில இடங்களில் முதல் வகுப்பின் நடுவிலேயே, பாட்டு குறைந்து எழுத்து கூடுகிறது. கரும்பலகையில் உள்ள கேள்வி-பதிலை நான்கு கோட்டு நோட்டில் பார்த்து எழுதுவது, வாரந்தோறும் டிக்டேஷன், பாடத்தை எழுந்து நின்று உரக்கப் படிப்பது என்று வகுப்பின் முகமே மாறிவிடுகிறது. பிள்ளையின் பேச்சு மாறுவதும் சரியாக அந்தக் கட்டத்தில்தான்.

அவர்கள் சொல்லும் குறைகளில் முதலிடம் பெறுவது கடினம் என்பது அல்ல. ‘தப்பா படிச்சா எல்லாரும் சிரிக்கிறாங்க’ என்பதுதான் முதலிடத்தில் இருக்கிறது. எழுந்து நின்று படிக்கும்போது ஒரு சொல் தடுக்கினால் முன் வரிசையிலிருந்து யாரோ திருத்துகிறார்கள், பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது, ஆசிரியர் ‘உட்கார்’ என்கிறார். சில நொடிகளில் முடிந்துபோகும் நிகழ்ச்சி அது. பிள்ளை அதை மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கிறாள். அடுத்தபடியாக, சில பள்ளிகளில் உள்ள ‘ஆங்கிலம் மட்டும் பேசு’ என்ற விதியைச் சொல்கிறார்கள். தமிழிலோ கன்னடத்திலோ பேசியவரின் பெயரை வகுப்புத் தலைவன் பலகையில் எழுதி வைப்பதும், அபராதம் வாங்குவதும் அந்த விதியோடு வருகின்றன. இதன் விளைவாகப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதில்லை, பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இதை நான் ஐயமின்றிச் சொல்வேன்: மற்ற எந்தப் பழக்கத்தையும்விட அதிகமான பிள்ளைகளை ஆங்கிலத்திலிருந்து விரட்டியது இந்த விதிதான்.

பிள்ளைகள் சொல்லும் இன்னொன்றைப் பெரியவர்கள் எளிதில் கவனிப்பதில்லை: ‘படிக்கத் தெரியும், என்னன்னு தெரியாது.’ ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் ஏராளம். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ‘ஏசர்’ கணக்கெடுப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரால்தான் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தது; அப்படிப் படித்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் மூவர்தான் பொருள் சொன்னார்கள். பெங்களூரு நகரம் கிராமம் அல்ல என்றாலும், வாசிப்பும் பொருளும் பிரிந்து கிடக்கும் அந்த நிலையை நகரத்து வகுப்பறைகளிலும் நான் கண்டிருக்கிறேன். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வாசிப்பு காதில் விழுகிறது, ஆகவே நிம்மதியாக இருக்கிறார்கள். பொருள் புரியவில்லை என்பது பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருக்கிறது. அவள் ‘வேண்டாம்’ என்று சொல்வது பல நேரங்களில் இந்த ரகசியத்தைச் சொல்லும் வழியாகவே அமைகிறது.

எழுத்தைப் பற்றியும் பிள்ளைகளுக்குக் கூர்மையான கருத்து உண்டு. தமிழிலும் கன்னடத்திலும் எழுத்துகளைக் கற்றுக்கொண்ட பிள்ளை, கண்ணில் படும் கடைப் பலகை எதையும் கூட்டிப் படித்துவிடலாம். கன்னட வகுப்பில் காகுணிதம் என்று சொல்லித்தரும் உயிர்மெய் வரிசை ஒருமுறை கைவந்துவிட்டால், அதற்குப் பிறகு புதிய சொல் அச்சம் தருவதில்லை. ஆங்கிலத்தில் அந்த உறுதி கிடைப்பதில்லை. ‘கோ’ (go) என்ற சொல்லிலும் ‘டூ’ (do) என்ற சொல்லிலும் இரண்டாவது எழுத்து ஒன்றே, ஓசையோ வேறு. ‘சி’ (c) என்று பெயர் சொல்லிக் கற்ற எழுத்து ‘கேட்’ (cat) என்ற சொல்லில் ககரமாக ஒலிக்கிறது. பெரியவர்கள் இதை இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். எட்டு வயதுப் பிள்ளை இதை அநியாயம் என்றே கருதுகிறாள், அவளிடம் நியாயம் இருக்கிறது. எழுத்தின் பெயரை மட்டும் ஒப்பிக்கச் சொல்லாமல் எழுத்தின் ஓசையைச் சொல்லிக்கொடுத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். மீதமுள்ள ஒழுங்கற்ற சொற்களைப் பற்றி, ‘இவை இப்படித்தான், இவற்றைக் கண்ணால் பழகிக்கொள்ள வேண்டும்’ என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் இருப்பதைச் சொல்ல வேண்டும். தமிழில் ‘பல்’ என்று எழுதினாலும் ‘பஸ்’ என்று எழுதினாலும் முதலெழுத்து ஒன்றுதான். கன்னடத்தில் இவ்விரண்டு ஓசைகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. 2015ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டத்தின்படி மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும் என்பதால், உங்கள் மகளும் கன்னட எழுத்தைக் கற்கிறாள். அந்த எழுத்தின் வழியே அவள் பழகும் ஓசை வேறுபாடு ஆங்கில வாசிப்புக்கு நேராக உதவும். கன்னடத்தைக் கூடுதல் சுமை என்று எண்ணி அதற்குரிய நேரத்தையும் ஆங்கில ட்யூஷனுக்குத் திருப்பிவிடும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகளில் பலர் கன்னடத்தை விரும்பிப் படிக்கிறார்கள், ஏனென்றால் அது தெருவிலும் விளையாட்டிலும் ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்கும் மொழி.

வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்ற அறிவுரையை நீங்கள் ஏற்க வேண்டாம். ஆசிரியை நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். நூற்றுக்கணக்கான பள்ளிகளில் சொல்லப்படும் அறிவுரைதான் அது. ஆனால் கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், விளையாட்டுத் திடலில் பேசும் அன்றாட ஆங்கிலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது என்றும், பாடங்களைப் புரிந்துகொள்ளத் தேவையான மொழித் திறன் வகுப்புத் தோழர்களுக்கு இணையாக வளர ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகிறது என்றும் எடுத்துக்காட்டினார். சுற்றிலும் ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே அத்தனை காலம் தேவை. மேலும், பிள்ளை தன் முதல் மொழியில் பெறும் சிந்தனைத் திறன், காரணம் சொல்லும் திறன், கதையைத் தொடர்ச்சியாகச் சொல்லும் திறன் ஆகியவை இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கின்றன என்பது அவருடைய முக்கியமான கருத்து. நீங்களும் உங்கள் கணவரும் தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தில் அவளுக்குக் கிடைக்கக்கூடியது சில கட்டளை வாக்கியங்களே. ‘கம் ஹியர்’, ‘ஈட் ஃபாஸ்ட்’, ‘டோன்ட் டூ தட்’ என்று வீட்டுப் பேச்சு சுருங்கிவிடும். தமிழில் பேசினால், மழை ஏன் பெய்கிறது, பாட்டி ஏன் கோபித்துக்கொண்டார், காலையில் பார்த்த விபத்தில் தவறு யாருடையது என்று எதைப் பற்றியும் நீளமாகப் பேசலாம். நீங்கள் இருவரும் ஆங்கிலத்தில் சரளமானவர்களாகவே இருந்தாலும் இதையே சொல்வேன், ஏனென்றால் பெங்களூரில் உங்கள் மகளுக்குத் தமிழ் கிடைக்கும் இடம் வீடு ஒன்றுதான். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இருக்கின்றன.

பெற்றோரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த நகரத்தில் ஆங்கிலம் இல்லாமல் நேர்காணல் அறைக்குள் நுழைய முடியாமல் நின்றவர்கள்தான் இன்று தம் பிள்ளைகளை, கடன் வாங்கியாவது, ‘கான்வென்ட்டில்’ சேர்க்கிறார்கள். அந்த முடிவை யாரும் கேலி செய்யக் கூடாது. பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும். நன்றாகவே வேண்டும். ஆனால் ஏழு வயதில் பின்தங்கினால் எல்லாம் போய்விட்டது என்ற பதற்றத்துக்கு ஆதாரமில்லை. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் கார்மென் முன்யோஸ் நடத்திய நீண்ட ஆய்வில், எட்டு வயதில் தொடங்கியவர்களையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும் ஒரே அளவு பாடநேரத்துக்குப் பிறகு ஒப்பிட்டபோது, பிந்தித் தொடங்கியவர்களே பெரும்பாலான தேர்வுகளில் முன்னே இருந்தார்கள். பள்ளிச் சூழலில் வயதில் மூத்த பிள்ளைகள் வேகமாகக் கற்கிறார்கள். உங்கள் மகளிடம் இப்போது காப்பாற்ற வேண்டியது அவளுடைய வேகத்தை அல்ல. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்தை.

அவளிடம் எப்படிக் கேட்பது என்பதைச் சொல்கிறேன். ‘இங்கிலீஷ் பிடிக்குமா, பிடிக்காதா?’ என்று கேட்காதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள், கேட்பவர் எதை விரும்புகிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு அதைச் சொல்வார்கள். சிரித்த முகம், சாதாரண முகம், அழுத முகம் என்று மூன்று படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஆசிரியர் அருகில் இருக்கும்போது பெரும்பாலோர் சிரித்த முகத்தையே தொடுவதை நான் கண்டிருக்கிறேன். அதனால் நேற்று நடந்ததைக் கேளுங்கள்: ஆங்கில வகுப்பில் முதலில் என்ன செய்தீர்கள், யார் படித்தார்கள், நீ எங்கே உட்கார்ந்திருந்தாய், மிஸ் எங்கே நின்றார். வகுப்பை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். தன்னைப் பெரிதாக வரைகிறாளா, ஒரு மூலையில் சிறிதாக வரைகிறாளா என்பதை வைத்துப் பெரிய முடிவுக்கெல்லாம் போக வேண்டாம். வரைந்துகொண்டிருக்கும்போது அவள் பேசுவதைக் கேட்டாலே போதும். ‘நீ மிஸ்ஸாக இருந்தால் எதை மாற்றுவாய்?’ என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தரும் விடைகள் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். ‘மெதுவாச் சொல்லுவேன்’, ‘கன்னடத்துல ஒரு தடவை சொல்லிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லுவேன்’, ‘படிக்கும்போது யாரையும் சிரிக்க விடமாட்டேன்’. பயிற்சிக் கல்லூரிகளில் பல வாரங்கள் நாங்கள் எடுக்கும் பாடத்தின் சாரம் இந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சமே, அதைத் தினமும் செய்யலாம். பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையதளத்தில் பிள்ளைகளுக்கான படக்கதைகள் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரே கதையை முதல் நாள் தமிழில் படித்துக் காட்டுங்கள், சிரித்துப் பேசுங்கள். இரண்டு நாள் கழித்து அதே கதையை ஆங்கிலத்தில் திறந்தால், கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் சொற்களின் பொருளை அவளே ஊகித்துக்கொள்வாள். ‘எனக்குப் புரியுது’ என்று அவள் சொல்லும் அந்த நாளுக்காகத்தான் இத்தனையும். உரக்கப் படிக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். பக்கம் முடிந்த பிறகு ஒரு சொல்லை மட்டும் எடுத்துச் சொல்லிக்கொடுங்கள். கைபேசியில் ஆங்கிலக் கார்ட்டூன் பார்ப்பதால் ஓசைப் பழக்கம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் பேச்சுக்குப் பதில் பேச்சு அங்கே இல்லை. அதை வீட்டுப் பாடமாக எண்ணிவிட வேண்டாம்.

பள்ளியில் நீங்கள் பேசத் தயங்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆவது பிரிவில், பிள்ளையை அச்சம், மன அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுவிப்பதையும், அவள் தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவுவதையும் பாடத்திட்டத்தின் கடமைகளாகவே வைத்திருக்கிறது. பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தாய்மொழியில் பேசியதற்காகப் பெயர் எழுதி வைப்பதும் அபராதம் வாங்குவதும் அந்தத் தடைக்குள் வருபவை என்பது என் உறுதியான கருத்து. சட்டப் பிரிவைச் சொல்லிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியையைத் தனியே சந்தித்து, மகள் என்ன சொன்னாள் என்பதை அவளுடைய சொற்களிலேயே கூறி, இரண்டு சிறு உதவிகளைக் கேளுங்கள்: சில வாரங்களுக்கு அவளைத் தனியாக எழுப்பிப் படிக்கச் சொல்லாமல் தோழியோடு சேர்ந்து படிக்க விடட்டும், கணக்கில் ஒரு கேள்வி புரியாதபோது தமிழிலோ கன்னடத்திலோ கேட்க அனுமதிக்கட்டும். பெரும்பாலான ஆசிரியைகள் இதைக் கேட்டதும் மறுப்பதில்லை. அவர்களில் பலர் கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ படித்து வந்தவர்கள். தம் சிறுவயது ஆங்கில வகுப்பை மறக்காதவர்கள். அவர்களையும் மேலிருந்து யாரோ ‘ஆங்கிலம் மட்டும்’ என்று நெருக்கிக்கொண்டிருக்கக்கூடும்.

கடைசியாக, மருத்துவரை நாட வேண்டிய நிலை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னட எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதிலும் அவள் இதே அளவுக்குச் சிரமப்படுகிறாளா என்று பாருங்கள். ஆம் என்றால் முதலில் கண் பார்வையையும் செவித்திறனையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்தால் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை பற்றிக் கேட்டறியலாம். ஏழு, எட்டு வயது அதற்கு ஏற்ற வயதுதான். கன்னடத்தில் தடையின்றிப் படித்து ஆங்கிலத்தில் மட்டும் தயங்குகிறாள் என்றால், மேலே சொன்ன மாற்றங்களை வீட்டிலும் பள்ளியிலும் இந்தக் கல்வியாண்டு முடியும்வரை செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்ல முடியாவிட்டால் அப்போது அதே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.